தொரை பிரவுன்

பழைய காரைப் புதுப்பிக்கக் கொண்டுவருகிற ஆள் "என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். அவர் அதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார். அதை உங்கள் வாயால் கேட்டுக்கொள்ள ஆசை, அவ்வளவுதான். நீங்கள் வேறொரு கலரைச் சொல்லிவிட்டால் காரைத் திருப்பிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார்.

ஹட்டனில் என் மகள் வீட்டுக்குக் கீழே, ரோட்டோரமாக ஒரு கராஜ் இருக்கிறது. கலர் கலக்குவதற்கு அங்கே புதிதாக மெஷின் வந்திருக்கிறது. ஒரு சின்னக் கருவியைக் காரின் மேல் வைத்து அழுத்தினால், எந்தப் பெயின்டில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் பொழுது போகாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டு பிளேன்டீ கொடுத்து வம்புக்கு இழுப்பார்கள். போன மாதம் ஒருவர் கேட்டார்: "ஐயா, பழைய காருக்கு கம்பெனி கலரேதான் அடிக்கணுமா, இல்ல நமக்குப் புடிச்சத அடிக்கலாமா?"

"ரெண்டும் வேணாம். தொரை பிரவுன் அடிங்க" என்றேன்.

மெஷினில் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லையாம். எப்படி இருக்கும்? அந்தக் கலர் உலகத்திலேயே ஒரே ஒரு காரில்தான் இருந்தது. அதை அடித்தவன் நான்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டை விட்டு வெளியேறி ஹட்டனில் ஒரு கராஜில் சேர்ந்தேன். தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியச் சொல்லி அப்பா பிடித்த பிடியிலிருந்து தப்பிப்பதற்காகச் சேர்ந்தேனே தவிர, கார் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. முதலில் கூட்டினேன், கழுவினேன், துரு சுரண்டினேன். பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசக் கற்றுக்கொண்டேன். பூசிய பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்ரேகை அழிந்துபோன பிறகு, பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னைக் கையில் கொடுத்தார்கள். நான் தேய்த்த ஒவ்வொரு காரும் இந்த நாட்டில் முறையாகப் பதிவாகியிருந்தது, நம்பர் இருந்தது. தேய்த்த எனக்குத்தான், தோட்டத்துத் தமிழன் என்பதால், பிரஜாவுரிமை இல்லை. இதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். வேறு என்ன செய்வது?

கராஜில் எனக்கு மேலே இருந்தவர் பியசேன பாஸ். தொழில் தெரிந்தவரைச் சிங்களத்தில் பாஸ் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இடுப்பில் வெள்ளைச் சாரம், காதில் பென்சில், வாயில் வெற்றிலை. எந்தக் கார் வந்தாலும் தொடுவதற்கு முன்னால் அதைச் சுற்றி நடப்பார். நடக்கும்போதே மூக்கை உறிஞ்சுவார். பழைய காரில் எங்கே துரு இருக்கிறது, எங்கே எலி செத்திருக்கிறது, எங்கே முந்திய பெயின்டர் ஏமாற்றியிருக்கிறான் என்பதெல்லாம் மோப்பத்திலேயே தெரியும் என்பார். பாதி நிஜம், பாதி நாடகம். காருக்குச் சொந்தக்காரர்கள் அந்த நடையைப் பார்த்தே பயந்துபோய் பாஸ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள்.

'முடியாது' என்ற வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "ஹரி, பாப்பம்" என்பார்; ஹரி என்றால் சிங்களத்தில் சரி. அதற்குப் பிறகு பிஸ்கட் டின் மூடிகளை எடுத்து, அந்த ஆள் கேட்ட கலரை ஒன்றிலும் தனக்குச் சரியென்று பட்ட கலர்களை மற்றவற்றிலும் அடிக்கச் சொல்வார். மூடிகளைக் கராஜுக்குப் பின்னாலிருந்த கொடிக்கம்பியில் துணி காயப்போடுவது போல மாட்டுவோம். வெயில், மழை, மூடுபனி எல்லாம் அவற்றின் மேல் போக வேண்டும். கொழும்பில் பளிச்சென்று தெரிகிற கலர் நம் ஊர்ப் பனிக்குள் சாம்பலாகிவிடும். சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, தானே கண்டுபிடித்தது மாதிரி பாஸின் மூடியைக் காட்டுவார். "ஆ, மாத்தயாவுக்கு நல்ல கண்ணு" என்று அந்த ஐயாவைப் புகழ்வார் பாஸ்.

எல்லோரிடமும் இந்த வித்தை பலித்துவிடாது. கினிகத்தேனையிலிருந்து ஒரு கடைக்காரர் தன் காருக்கு மாதிரியென்று ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவந்தார். "இதே கலர். கொஞ்சமும் மாறக்கூடாது" என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் எங்களுக்குச் சமைக்கிறவர் அதைக் கறி வைத்துவிட்டார். விஷயம் தெரிந்தபோது பாஸ் சாப்பிட்டே முடித்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு, "மல்லி, மார்க்கெட்டுக்குப் போ. கொஞ்சம் கறுப்பா ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். மல்லி என்றால் தம்பி. புதுக் கத்தரிக்காயைப் பார்த்துத்தான் கலர் கலக்கினோம். கடைக்காரர் வந்தார், அந்தக் காயைக் காரோடு ஒட்டிவைத்துப் பார்த்தார், "அச்சு அசல்!" என்றார். இன்றைக்கும் எனக்குக் கத்தரிக்காய்க் கறி என்றால் சிரிப்புத்தான் முதலில் வரும்.

இதெல்லாம் விளையாட்டு. உண்மையிலேயே எங்களைத் திண்டாடவைத்த கேஸ் அந்தோனிமுத்து ஐயாவின் கார்தான்.

அந்தோனிமுத்து ஐயா டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கர். தொழிற்சாலையில் கொழுந்து தூளாகி வெளியே வரும்வரை எல்லாப் பொறுப்பும் அவருடையது. முன்பு தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரப் பெரியதுரை சீமைக்குக் கப்பலேறியபோது, தன் பழைய திறந்த காரை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். காரின் கம்பெனிப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வந்துவிடுவார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மூடியைத் தூக்கினால் வெட்டவெளியில் ஒரு இருக்கை. அதற்கு டிக்கி சீட் என்று பெயர். கார் பல காலம் உரக் கொட்டகையில் கிடந்திருக்கிறது. லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கியபோது சீட்டுக்கடியிலிருந்து ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடியது. பாஸ் மூக்கை உறிஞ்சவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

உலக யுத்த காலத்தில் யாரோ அதற்குப் பிரஷ்ஷால் கறுப்பு பூசியிருந்தார்கள். வெயில் படாத இடத்தில்தான் அசல் கலர் பிழைத்திருக்கும். கதவுக் கீலுக்குப் பின்னால் மெதுவாகச் சுரண்டினேன். கறுப்பு போய் ஒரு கரும்பச்சை எட்டிப் பார்த்தது. மழை விட்டவுடன் முற்றிய தேயிலையில் ஒரு பச்சை இருக்குமே, அது.

அந்தோனிமுத்து ஐயா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"இதுதாங்க. நான் பெக்டரியில கணக்கு எழுத வந்த புதுசுல இந்தக் கார் புத்தம் புதுசா வந்திச்சு. பனிக்குள்ளேருந்து இந்தப் பச்சை மொதல்ல தெரியும், பொறகுதான் காரு தெரியும். இதையே அடிச்சுக் குடுங்க பாஸ்" என்றார்.

கூடவே அவருடைய மனைவி பிலோமினா அக்கா வந்திருந்தார். அவருக்குப் பச்சையும் தெரியாது, பனியும் தெரியாது.

"கலர் என்ன எழவோ இருக்கட்டும். மழை உள்ள வருமா வராதா? அதச் சொல்லுங்க."

"மேல துணிக் கூடு போட்டுத் தாறோம் அக்கா" என்றேன்.

"இந்தப் பின்னால இருக்கிற பொந்துல யாரு உக்காருறது?"

"நாம முன்னால உக்காருவோம். அம்மாவப் பின்னால..." என்று ஐயா இழுத்தார்.

பிலோமினா அக்கா அந்த டிக்கியை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "ஒங்க அம்மாவா? அப்ப அத மட்டும் மாத்தாதீங்க பாஸ். அது அப்படியே இருக்கட்டும்."

மாற்றங்களைப் பற்றிய பேச்சு இப்படியே நடந்தது. ஐயாவுக்கு எதையும் மாற்ற மனமில்லை. அக்காவுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். முன்பக்கத் தனி இருக்கைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பிள்ளை உட்காரும்படி ஒரே நீள இருக்கை வேண்டும் என்றார். ஐயா பழைய ஹார்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதையாவது விடச் சொன்னார். பாஸ் இரண்டு பேருக்கும் "ஹரி, பாப்பம்" சொன்னார். பிரேக்கை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு உறுதியான பிரேக் போட்டார். "அந்த ரோட்டுல பழைய பிரேக் வேணும்னு யாராவது சொன்னா, அவருக்கு காரு வேணாம், சவப்பெட்டி போதும்" என்றார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தோட்டத்தின் புதுப் பெரியதுரை எண்ணெய் மாற்றுவதற்காக வந்து சேர்ந்தார்.

அவருடைய கார் சீமையிலிருந்து வந்த பெரிய மூடிய கார். அதுவும் கரும்பச்சை. கட்டைகள் மேல் நின்ற பழைய காரையும், கதவில் நான் சுரண்டி வைத்திருந்த இடத்தையும் சுட்டிக்காட்டி, யாருடையது, என்ன கலர் அடிக்கப்போகிறீர்கள் என்று கராஜ் முதலாளியிடம் கேட்டார். முதலாளி பெருமையோடு உண்மையைச் சொல்லிவிட்டார்.

துரை தோட்டத் தமிழ் பேசுவார். எல்லாம் கட்டளை ரகம். "டீமேக்கர் கார் பச்சை வேணாம். என் தோட்டத்தில் பச்சைக் கார் ஒண்ணுதான். கேட்டுச்சா?"

காரணமும் இருந்தது. மலையில் தூரத்தில் பச்சைக் கார் தெரிந்தால் போதும், வேலை வாங்கும் கங்காணிமார் சத்தம் போட ஆரம்பிப்பார்கள், கொழுந்தெடுப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், காவற்காரன் கேட்டைத் திறந்து சலாம் போடுவான். பச்சைக் கார் இரண்டாகிவிட்டால் யாருக்குச் சலாம் போடுவது?

"வேற கலர் மாதிரி என் பங்களாவுக்குக் கொண்டுவா. நான் பார்த்துச் சொல்றேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தோட்டத்து லொறிகள் எல்லாம் எங்கள் கராஜுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "பச்சைன்னு இனி ஒருத்தன் வாயத் தொறக்கக்கூடாது" என்றார். செய்தி கேட்டு அந்தோனிமுத்து ஐயா கராஜுக்கு வந்தார். துரையோடு மோதினால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். "பரவாயில்லீங்க, மழை வராம இருந்தா சரி" என்று பிலோமினா அக்காவின் வசனத்தைத் தன் வசனமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் நடந்துபோன விதத்தைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை.

பாஸ் மூடிகளைத் தயார் செய்யச் சொன்னார். மண் நிறம், மெரூன், சாம்பல், நீலம். பழைய பச்சைக்கு ஏற்கெனவே கலக்கிப் பார்த்த மூடியும் கம்பியில் தொங்கியது. எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப்போட்டபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. நான் வேண்டுமென்றே போட்டேன் என்று முதலாளி சாகும்வரை நம்பினார். சத்தியமாக இல்லை.

பங்களாவுக்கு அந்தோனிமுத்து ஐயாவும் என்னோடு வந்தார். புல்தரையில் மூடிகளைப் பரப்பினேன். பச்சை மூடி கையில் வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறைப்பதற்குள் துரை இறங்கி வந்துவிட்டார். பங்களா விறாந்தையில் துரையின் மனைவி, துரைசானி, கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்.

துரை குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீலத்தைக் காலால் தள்ளினார். சாம்பலை "சவம்" என்றார். பிறகு பச்சை மூடியைக் கையில் எடுத்தார்.

"இந்த பிரவுன் நல்லா இருக்கு. நல்ல மண் மாதிரி" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அந்தோனிமுத்து ஐயா சப்பாத்துக் காலால் என் பாதத்தை மிதித்தார். நான் செருப்பில்லாமல் இருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"தொரை சொன்னா சரிங்க. இந்த பிரவுனே அடிச்சிருவோம்" என்றார் அவர்.

"வேற பெயின்ட் அடிச்சு ஏமாத்தக்கூடாது" என்றார் துரை. தன் புகைபிடிக்கும் பைப்பைச் சுரண்டும் கத்தியை எடுத்து மூடியின் பின்பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி என்னிடம் கொடுத்தார்.

விறாந்தையில் பின்னல் ஊசிகள் நின்றிருந்தன. துரைசானி மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஊசிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

இறக்கத்தில் நொண்டிக்கொண்டே கேட்டேன். "என்னங்க ஐயா இது? தொரைக்குக் கண்ணு...?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பச்சையும் பிரவுனும்தான் அவருக்கு ஒண்ணு. பெக்டரியில அரைச்ச கொழுந்து பச்சை மாறிச் செப்புக் கலருக்கு வரும் பாருங்க, அது அவருக்குத் தெரியாது. வாசத்தப் புடிக்கிற மாதிரி குனிவாரு. அப்புறம் 'டீமேக்கர், நீ என்ன நெனைக்கிற?'ம்பாரு. நான் சொல்றத இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்லுவாரு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, பாவம். நானும் வெளிய சொன்னதில்ல" என்றார் ஐயா.

"அப்ப அவரு காரு பச்சைன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"துரைசானி சொல்லித்தான்."

கராஜுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பியசேன பாஸ் மூடியைத் திருப்பிக் கீறலைப் பார்த்தார், மறுபடி திருப்பிக் கலரைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தொரை காட்டினது இந்த மூடிதானே?"

"இதுதான் பாஸ்."

"அப்ப இதுதான் கலர்."

"பாஸ், அது பச்சை!" என்று அலறினார் முதலாளி.

"தொரை பிரவுன்னு சொல்லியிருக்கார் மொதலாளி. பிரவுன் இங்கிலீஷ் வார்த்தை. அவங்க வார்த்தைக்கு அர்த்தம் நமக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?"

முதலாளி எழுந்து வந்தார். மூடியை வாங்கி, துரையின் எழுத்து தெரியும்படி மேஜையில் கவிழ்த்து வைத்தார். யார் கேட்டாலும் அதைக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்பது அவர் திட்டம்.

அந்தக் காருக்கு அடித்த மாதிரி நான் வேறெதற்கும் பெயின்ட் அடித்ததில்லை. அந்தக் காலத்துப் பெயின்டுக்கு ஈரக்காற்றுதான் எமன். மூடுபனி நேரத்தில் அடித்தால் காயும்போது மேலே பால் சிந்தியது போல வெள்ளை பூத்துவிடும். அதனால் பெயின்ட் அறைக்குள் கரிச்சட்டிகளை வைத்துச் சூடேற்றுவோம். சுவரில் கை வைத்தால் உலர்ந்த சூடு தெரிய வேண்டும். பிறகு சட்டிகளை வெளியே கொண்டுபோய்த் தூரமாக வைத்துவிட்டுத்தான் தின்னர் டப்பாவையே திறக்க வேண்டும். மறந்தால் கார், கராஜ், நாங்கள் எல்லோரும் ஒரே புகை. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவார் பாஸ். அதிகம் தெளித்தால் ஈரம், குறைந்தால் தூசி. அந்த அளவை அவர் கையே அறியும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே காய விட்டு, வழவழப்பாகத் தேய்த்து, மறுபடி பூச்சு. அடிக்கும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும் என்பது காரணம். ஆனால் பாஸ் வெற்றிலையோடுதான் நிற்பார்.

கடைசிப் பூச்சு அன்று இரண்டு முறை சட்டிகளை வைத்து எடுத்தோம். இரண்டு முறையும் பனி இறங்கி மூடிவிட்டது. மூன்றாவது தடவை வெயில் கிழித்துக்கொண்டு வந்தது. பாஸ் விரலை நீட்டினார். நான் அடித்தேன். முடித்து வெளியே தள்ளியபோது முதலாளிகூடத் தன் பயத்தை மறந்து, "என்னா பச்சைடா!" என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

காரைக் கொண்டுபோய் விடும்போது அந்தோனிமுத்து ஐயா ஓட்டினார், நான் பக்கத்தில். தோட்ட எல்லையில் பனி. காவற்காரன் தூரத்திலேயே பச்சையைப் பார்த்துவிட்டு கேட்டை அகலத் திறந்து விறைப்பாகச் சலாம் போட்டான். பக்கத்தில் வந்ததும்தான் ஆளைப் பார்த்தான். போட்ட சலாமை எப்படி வாபஸ் வாங்குவது என்று தெரியாமல் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டான். மேலே மலையில் கங்காணி ஒருவர் "ம்ம், கை போடு, கை போடு!" என்று கத்த, பெண்கள் குனிந்து கொழுந்தைப் பறிக்க, கார் தாண்டும்போது ஒருத்தி நிமிர்ந்து, "அடியே, நம்ம டீமேக்கர் ஐயாடி!" என்றாள். மலை முழுக்கச் சிரிப்பு உருண்டது. ஐயா பழைய ஹார்னை ஒருமுறை அடித்தார்.

தொழிற்சாலை வாசலில் துரையும் துரைசானியும் நின்றிருந்தார்கள். வேலைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். துரை காரைச் சுற்றி நடந்தார். கதவைத் தடவினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்ல பிரவுன்" என்றார்.

யாரோ ஒரு கங்காணிக்கு இருமல் வந்தது. துரைசானி ஒரு அடி முன்னால் வந்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "ரொம்ப அழகான பிரவுன்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அன்றோடு தோட்டத்தின் பாஷையே மாறிவிட்டது. லயத்தில் கீரை 'தொரை பிரவுன்' ஆனது. தீபாவளிக்குத் 'தொரை பிரவுன்' சீலை எடுத்தார்கள். இறம்பொடையில் பெண் கட்டிய ஒருவர் அந்த வார்த்தையை அந்தப் பக்கமும் கொண்டுபோனார். துரையின் காதுக்கு மட்டும் அது போகவில்லை என்று நாங்கள் நம்பினோம்.

மாட்டிக்கொள்ளப் பார்த்தது ஒரே ஒரு தடவை. துணிக் கூடு ஒழுகுகிறது, மாமியார் நனைந்தால் பரவாயில்லை, ஆனால் நான் நனைகிறேன் என்று பிலோமினா அக்கா சொல்லியனுப்பியதால் நான் தொழிற்சாலை வாசலில் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தோட்டங்களை மேற்பார்வை செய்கிற மூத்த வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். எங்கள் துரை, துரைசானி, ஐயா மூவரோடும் வெளியே வந்தவர் காரைப் பார்த்ததும் நின்று, "அருமையான பச்சை! இந்தப் பச்சையை நான் பார்த்து எவ்வளவோ காலம்!" என்றார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

எங்கள் துரை காரைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார்.

துரைசானிதான் பின்னாலிருந்து சொன்னார். "சுற்றிவர தேயிலை இல்லையா? அதன் நிழல் விழுகிறது. இந்த மலையில் எல்லாமே கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும்."

வந்தவர் துரைசானியை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு சீமாட்டியோடு தர்க்கம் பண்ணுவது அழகில்லை என்று நினைத்திருப்பார் போல. "இருக்கலாம்" என்றார். எங்கள் துரை எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஐயா என் தோளைத் தட்டிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினார்.

அறுபதுகளின் நடுவில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரையும் கிளம்பினார். அவருடைய பெரிய காரை விற்றாகிவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போவதற்குக் தோட்டக் கம்பெனி கார் அனுப்புவதாகச் சொன்னபோது, "வேணாம். டீமேக்கர் காரில் போறேன்" என்றாராம். அன்றைக்குக் காரைச் சரிபார்த்துக் கொடுக்க நான் போயிருந்தேன். முன்னால் பிலோமினா அக்கா கேட்டு வாங்கிய நீள இருக்கையில் ஐயா, நடுவில் துரைசானி, ஓரத்தில் துரை. பின்னால் டிக்கியில் பெட்டிகளும் நானும். வெயில் நாள் என்பதால் துணிக் கூட்டை மடித்துவிட்டிருந்தோம். அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

சலாம் போட நின்ற சனத்தைத் தாண்டி எல்லை கடந்ததும் துரை கேட்டார்:

"டீமேக்கர், இந்தக் கார் என்ன கலர்?"

"தொரை சொன்ன கலருங்க."

"நான் அதைக் கேக்கலே."

வளைவு ஒன்று வந்தது. ஐயா அதை மிக மிகக் கவனமாகத் திருப்பினார். அது முடிந்ததும் வேறு வழியில்லை.

"பச்சைங்க" என்றார்.

"தெரியும்" என்றார் துரை.

துரைசானி சட்டென்று திரும்பி இங்கிலீஷில் கேட்டார். "உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

துரை அவருக்கும் தமிழிலேயே பதில் சொன்னார், எங்களுக்கும் கேட்க வேண்டும் என்பது போல. "முதல் நாள். கார் வந்துச்சு. ஒரு ஆள் காரைப் பார்க்கலே. எல்லா ஆளும் என் மூஞ்சி பார்த்துச்சு."

"அப்ப ஏன் தொரை ஒண்ணும் சொல்லலீங்க?" என்று கேட்டார் ஐயா.

"என்ன சொல்றது? மூடியில் என் பேர் போட்டுட்டேன். அப்புறம் கேட்டில் காவற்காரன் உனக்குச் சலாம் போட்டான். எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துரைசானியைக் கட்டைவிரலால் காட்டினார். "வேற ஒண்ணும் இருக்கு. இவ பொய்யே பேச மாட்டேன் சொல்றவ. எத்தனை வருஷம் 'பிரவுன், பிரவுன்' சொன்னா! அதைக் கேக்க எனக்கு ரொம்ப ஆசை."

துரைசானி குடையை எடுத்து அவரை ஒரு போடு போட்டார். போடு தவறி ஐயாவின் முழங்கையில் பட்டது. கார் ஓரம் ஒதுங்கி, இடதுபக்க மட்கார்டு மண்மேட்டின் கல்லில் கரகரவென்று உரசிக்கொண்டு போய் நின்றது. பாஸ் மாற்றிப் போட்ட பிரேக் இல்லையென்றால் அடுத்த வளைவில் நாங்கள் நாலு பேரும் கீழே ஓடையில் இருந்திருப்போம்.

எல்லோரும் இறங்கினோம். பச்சை நீளமாக உரிந்து, அடியிலிருந்த பிரைமர் செம்மண் நிறத்தில் தெரிந்தது. ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். துரை முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் சந்தேகத்தோடு என்னிடம் கேட்டார்:

"பெயின்டர், இந்த இடம் பிரவுன். சரியா?"

"சரிதாங்க தொரை. இந்த இடம் நெசமாவே பிரவுன்" என்றேன்.

அதைக் கேட்டு அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! துரைசானியின் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தைக் காட்டினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று துரைசானி சத்தம் போட்டார். ஆனால் அவரே சிரிப்பை அடக்க முடியாமல் குடையை ஊன்றிக்கொண்டு நின்றதால், நாங்களும் ஏறவில்லை.